ரைஸ் மில்லில் ஏரோப்ளேன்

சென்னீர்குப்பம்
30.11.1996

தம்பி மணவாளனுக்கு அக்கா பூங்காவனம் எழுதுவது.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், நீ, உன் பெண்டாட்டி நாகம்மா, என் மகன் கன்னியப்பன், மெக்கானிக் சுலைமான் பாய், டிராக்டர் ஓட்டிய தசரதன். மாடுகளில் செவலை, மயிலை, கொம்பு ஒடிந்தது. முதலாளி இராமகிருஷ்ணன் இல்லை, அவர் பம்பாயில் இருந்தார். அவர் குரல் மட்டும் மளிகைக்கடை டெலிபோனில் வந்து போனது. இவ்வளவுதான். நாளைக்கு வேறு எவனாவது வந்து நானும் இருந்தேன் என்றால் அது பொய். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, கிழவிக்கு மறந்திருக்கும் என்று நீ நினைத்திருந்தால், அதற்காகத்தான் பேர்களை முதலில் எழுதினேன்.

நேற்று சுலைமான் பாய் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “அக்கா, திரும்பப் புயல் கீதாம். மணவாளன் மில்லு சாவி கேட்டாரு” என்றார்.

“கேட்டவன் எங்க?” என்றேன்.

“நீதான் அவர இந்தப் படி ஏறக்கூடாதுன்னுட்டியே.”

“படி ஏறக்கூடாதுன்னேன். போஸ்டாபீஸ் படியும் ஏறக்கூடாதுன்னா சொன்னேன்?”

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்றாவதோடு நின்றவள் நான், நீ எட்டாவது. நீ முதலில் எழுதியிருக்க வேண்டும். நீ எழுதமாட்டாய் என்று தெரிந்ததால் நான் எழுதுகிறேன். ஆவடிக்கும் சென்னீர்குப்பத்துக்கும் பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம்கூடப் போட முடியாது. அந்தத் தூரத்துக்குக் கடுதாசி எழுதுகிற குடும்பம் நம்முடையதுதான்.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. அதற்கு முன்னால் அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன். எங்கேயாவது தப்பிருந்தால் நீ சொல்.

அதை நான் ஏரோப்ளேன் என்று சொல்வதில்லை. இரண்டு பேர் உட்காருகிற தும்பி அது. கம்பிக் கூட்டின் மேல் துணியைப் போர்த்தி மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறது. அம்பத்தூரில் ஃபேக்டரி வைத்திருக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல், நம் அப்பா கேழ்வரகு போட்ட மேட்டை வாங்கிச் சமமாக்கி, ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தினார். செம்பரம்பாக்கம் ஏரி மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்குவார். அவர் இறங்கும்போது ஆடு மாடு குறுக்கே வராமல் விரட்டுவதற்கு நீ வாட்ச்மேன். மேட்டை விற்றவனும் நீ, அதற்குக் காவல் நின்றவனும் நீ. அதை நான் ஒன்றும் சொல்லவில்லை.

தொண்ணூற்று நாலு தீபாவளி வாரம். ரேடியோவில் புயல் என்றார்கள். பறந்துபோய் வேறு ஊரில் நிறுத்தலாம் என்றால் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பம்பாயில். போனில் உன்னிடம், “தகரம் நிக்காது மணவாளா. உங்க அக்கா மில் செங்கல் கட்டடம், அதுல வெச்சுடு” என்றார். பிறகு கன்னியப்பனிடம் கொடுக்கச் சொன்னார். அவன், “சரி சார், சரி சார்” என்றான். அப்போது அவன் அவருடைய ஃபேக்டரியில் தினக்கூலிதான்.

சுலைமான் பாய் ரெக்கைகளைக் கழற்றினார். வாலைத் தூக்கி டிராக்டரில் கட்டி தசரதன் இழுக்க, தும்பி பின்பக்கமாகவே ரோட்டில் நடந்து வந்தது. ரெக்கை இரண்டும் பின்னால் மாட்டு வண்டியில், பாடை போகிற மாதிரி. பெங்களூர் லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன. நீ மந்திரிக்கு வழி விடுகிறவன் மாதிரி கையை வீசிக்கொண்டு முன்னால் போனாய்.

மில் ஓட்டம் நின்றதிலிருந்து மழைக்காலத்தில் அங்கே என் மாடுகள்தான் நிற்கும். அது உனக்குத் தெரியும். “மாடு அந்தத் துணிய நக்கும் அக்கா, அந்த பெயின்ட்டுல இன்னா ருசியோ தெரியல, கிழிச்சுடும்” என்று பாய் சொன்னார். அதனால் தும்பி மாட்டின் இடத்துக்கு வந்தது, மாடுகள் தும்பியின் கொட்டகைக்குப் போயின. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீ சொன்ன வார்த்தை: “நான் பாத்துக்கறேன் அக்கா. காத்து எகிறுச்சுன்னா அவுத்து வுட்டுர்றேன்.”

விடிந்து போய்ப் பார்த்தோம். கொட்டகையின் தகரமெல்லாம் வயலில் கிடந்தது. மயிலையும் கொம்பு ஒடிந்ததும் டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தன, கழுத்தில் அறுந்த நார்க்கயிறு. செவலை மட்டும் கட்டின இடத்திலேயே இருந்தது. மேலே விட்டம் விழுந்திருந்தது. எட்டு மாதச் சினை. அதன் கழுத்தில் நார்க்கயிறு இல்லை. தும்பியைக் கட்டுகிற நைலான் கயிறு, தரையில் பதித்திருந்த இரும்பு வளையத்தோடு. முடிச்சு அவிழவில்லை. பாய் ஹாக்ஸா பிளேடால் அறுத்தார்.

இதில் எது தப்பு என்று எழுது. அப்புறம் சாவியைப் பற்றிப் பேசலாம்.

பூங்காவனம்


சேக்காடு, ஆவடி
1.12.1996

அக்காவுக்கு மணவாளன் எழுதிக்கொண்டது.

கடிதத்தைப் பாய் கொண்டுவந்து கொடுத்தார். நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. நான் கையை வீசியது மந்திரிக்கு வழி விடுகிற மாதிரி இல்லை, லாரி மோதாமல் இருக்க. அது ஒன்றுதான்.

நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்கிறாய். எழுத உட்கார்ந்தேன். இங்கே மாப்பிள்ளை ஜெயராமனுக்கு டாங்கி ஃபேக்டரியில் கொடுத்த குவார்ட்டர்ஸ், ஒரு ஹால், ஒரு ரூம். ஹாலில் டிவி. டிவி அணைத்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். நாகம்மா சமையலறையில் படுக்கிறாள். மகள் ஒன்றும் சொல்வதில்லை. மாப்பிள்ளையும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதே சில நாள் காதில் விழுகிறது. அதனால்தான் அக்கா, விடிந்ததும் பஸ் ஏறி மேட்டுக்குப் போய்விடுகிறேன். திரும்பக் கட்டின கொட்டகை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் எனக்கு ஒரு இடம் இருக்கிற மாதிரி. உன் வீட்டு வழியாகப் போகாமல் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வரப்பு மேல் நடக்கிறேன். அது உனக்குத் தெரிந்திருக்கும்.

முதலாளி போன வாரம் வந்திருந்தார். இந்த முறை ப்ளேனுக்கு ஏதாவது ஆனால் ரிப்பேர் பண்ணமாட்டேன், விற்றுவிட்டு மேட்டை ப்ளாட் போட்டுவிடுவேன் என்றார். சொல்லிவிட்டு நேரே மலேசியா போய்விட்டார். திரும்பி வர இன்னும் நாளாகும். ப்ளேன் போனால் ப்ளாட்டுக்கு வாட்ச்மேன் எதற்கு. நான் பகலெல்லாம் எங்கே போய் உட்காருவது? அதற்காகத்தான் சாவி கேட்டேன்.

மாட்டு விஷயம். காற்று எகிறியதும் போய் அவிழ்த்துவிடுகிறேன் என்று சொன்னது நான்தான். போகவில்லை. மில் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து வந்துவிட்டது. நானும் தசரதனும் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒருத்தன் நகர்ந்தால் கதவு போயிருக்கும். பழைய நார்க்கயிறுதானே, மாடு மிரண்டால் அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் கொட்டகையை விட்டு வரும்போது மூன்று மாடும் நார்க்கயிற்றில்தான் நின்றன.

நைலான் கயிற்றில் நான் கட்டவில்லை. இதை ஒரே ஒரு தடவைதான் சொல்வேன்.

ரேடியோவில் புயல் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்கிறார்கள். சீக்கிரம் பதில் போடு. பாய் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஆவடிக்கு வருவார், அவரிடம் கொடுத்தால் போதும்.

மணவாளன்


சென்னீர்குப்பம்
2.12.1996

தம்பி மணவாளனுக்கு,

ஒரு தடவைதான் சொல்வேன் என்கிறாய். இரண்டு வருஷமாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே. நான் உன்னைப் படி ஏறாதே என்ற அன்றைக்கு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். கட்டாதவன் ஏன் தலை குனிய வேண்டும்? “நான் இல்ல அக்கா” என்று அப்போதே சொல்லியிருந்தால் நாக்கு அறுந்தா போயிருக்கும்?

சரி, நீ கட்டவில்லை. யாரோ கட்டியிருக்கிறார்கள். செவலை தானாக நைலான் கயிற்றை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு இருந்தவர்களைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேனே. ஒவ்வொருத்தராக எடுக்கிறேன்.

சுலைமான் பாயை இன்றைக்கு நிறுத்திக் கேட்டேன். நைலான் கயிறுகளைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டு வந்தேன், அப்புறம் மில்லை விட்டு வெளியே போகவில்லை என்றார். அவர் போகவில்லை என்பது எனக்கே தெரியும். ரெக்கைகளைத் தவிட்டு மூட்டை மேல் படுக்க வைத்து, பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தசரதன் உன்னோடு கதவில். அவனுக்கு மாடு என்றாலே பயம், டிராக்டர் மேல் உட்கார்ந்துதான் அதோடு பேசுவான். நாகம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள், அதில் இஞ்சியும் போடவில்லை. அவள் மாட்டுக் கிட்டே போகமாட்டாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே சாணி வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றவள், இருபத்தெட்டு வருஷமாக அதே மூக்குதான். நான் வீட்டில் பேத்தி சுசீலாவை மடியில் போட்டுக்கொண்டிருந்தேன், அது இடிச் சத்தத்துக்கு அழுதுகொண்டிருந்தது.

மிச்சம் நீதான்.

செவலை யாருடைய மாடு என்று உனக்கு நினைவிருக்கிறதா? கன்னியப்பனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் சீராக நீ ஒரு கிடாரிக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாய். கழுத்தில் மணி, நெற்றியில் பொட்டு. ஊரே பார்த்தது. அந்தக் கிடாரியின் மகளின் மகள் இது. உன் கையால் வந்த வம்சம் உன் கையாலேயே போயிற்று என்றுதான் எனக்கு ஆறவில்லை. வேறு மாடாக இருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். சரி, ஒரு மாதம்.

பூங்காவனம்


சேக்காடு
4.12.1996

அக்காவுக்கு,

நீ எடுத்த பேர்களை நானும் எண்ணிப் பார்த்தேன். மிச்சம் நான்தான் என்றால், நான்தான் என்று வைத்துக்கொள். போன கடிதத்தில் எழுதியதை நான் எழுதவில்லை என்றே எடுத்துக்கொள். கட்டினவன் நான். போதுமா?

இங்கே காலையிலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. ஃபேக்டரியில் மாப்பிள்ளையைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். புயல் கரைக்கு வந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். பாயிடமும் தசரதனிடமும் சொல்லிவிட்டேன், நாளை மத்தியானம் டிராக்டர் வரும். சாவி இருந்தால் மில்லுக்கு ஓட்டுவோம். இல்லையென்றால் கொட்டகையிலேயே கட்டிப் போட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே உட்காராதே என்று சொல்ல நீ வரப்போவதில்லை.

நாகம்மா சொல்லச் சொன்னாள். அன்றைக்கு டீயில் இஞ்சி போடாதது உன் வீட்டில் இஞ்சி இல்லாததால்தானாம்.

மணவாளன்


சென்னீர்குப்பம்
5.12.1996, காலை

மணவாளனுக்கு,

சாவியைப் பாயிடம் கொடுத்திருக்கிறேன். உனக்காக இல்லை. நீ அந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து உனக்கு ஒன்று ஆனால், நாகம்மா எனக்குச் சொல்லப்போகும் வார்த்தையை என்னால் கேட்க முடியாது.

மாடுகள் மில்லை விட்டு வெளியே வராது. தும்பிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். நடுவில் தவிட்டு மூட்டை அடுக்கிக்கொள்ளுங்கள், மாடு எட்டி நக்காத உயரத்துக்கு. இது போன தடவை எனக்கும் தோன்றவில்லை, உங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கன்னியப்பன் லீவு போட்டிருக்கிறான், அவனும் கை கொடுப்பான். மாட்டை நான்தான் கட்டுவேன்.

நீ வரலாம். மில் படி வேறு, வீட்டுப் படி வேறு. ஆனால் என்னோடு பேசாதே.

பூங்காவனம்


சேக்காடு
8.12.1996

அக்காவுக்கு மணவாளன் வணக்கத்தோடு எழுதியது.

இரண்டு நாள் உன் மில்லில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். மகள் சிரிக்கிறாள். நான் இந்தப் பக்கம் மூட்டை மேல், நீ அந்தப் பக்கம் மூட்டை மேல். நாலடி தூரம் இருக்கும். நீ பாயைப் பார்த்து, “அவனுக்குப் பசிக்குதான்னு கேளு” என்றாய். பாய் என் பக்கம் திரும்பி, “பசிக்குதா?” என்றார். நான் பாயிடம், “பசிக்கலன்னு சொல்லு” என்றேன். அப்புறம் அவர், “நான் மெக்கானிக்கா, டெலிபோனா?” என்று எழுந்து போய் ப்ளேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நீ அப்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

அதற்கும் நன்றி. தட்டில் நீயாகவே இரண்டு களி உருண்டை வைத்து மூட்டை மேல் தள்ளிவிட்டதற்கும்.

விடிந்து நீ வீட்டுக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மாடுகள் நலம். மில்லில் ஓடு நாலைந்து பறந்தது, தசரதன் மாற்றித் தருகிறேன் என்றான். ப்ளேனுக்கு ஒரு கீறல் இல்லை. கொட்டகை இந்த முறையும் நிற்கவில்லை. அதில் உட்கார்ந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். முதலாளி நேற்று அம்பத்தூரிலிருந்து நேரே வந்தார், மலேசியாவில் புயல் செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டாராம். ரெக்கையைத் தடவிப் பார்த்தார், துணியைத் தட்டிப் பார்த்தார். “நல்லா வெச்சிருக்க மணவாளா. இந்தக் கண்டிஷன்ல இருக்கறப்பவே குடுத்துட்டா நல்ல பார்ட்டி கெடைக்கும்” என்றார். பெங்களூரில் யாரோ கேட்டிருக்கிறார்களாம். பொங்கலுக்குள் போய்விடும். மேட்டுக்கு சர்வேயர் வருகிறார். கெட்டுப்போனால் விற்பேன் என்றவர், கெடவில்லை என்றும் விற்கிறார். எனக்கு ஒரு சட்டைத் துணி கொடுத்தார்.

எனக்கு அதில் வருத்தமா என்று கேட்டால் தெரியவில்லை. பகலில் எங்கே உட்காருவது என்று பார்க்க வேண்டும். ஆவடி ஸ்டேஷனில் பெஞ்சு இருக்கிறது.

இப்போது நான் கேட்க வந்தது வேறு. வெள்ளிக்கிழமை மத்தியானம், காற்று இன்னும் எகிறாத நேரம். கன்னியப்பன் ப்ளேனின் சக்கரத்தைத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். நீ மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாய். கையில் வைக்கோல். அவன் கையையே பார்த்தாய். அவன் கட்டி முடித்துக் காலால் அழுத்தி நுனியைப் புரிக்குள் சொருகினான். நீ வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாய். காற்று எகிறத் தொடங்கியபோதுதான் திரும்பி வந்தாய். பிறகு பொழுது விடிகிற வரை நீ பாயிடம்கூடப் பேசவில்லை.

அக்கா, மாடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் கட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை அப்படியே வைத்துக்கொள். உனக்கு இருப்பது ஒரு பிள்ளை. சுசீலாவுக்கு அவன் அப்பன். நீ தினமும் பார்க்க வேண்டிய முகம் அது. என் முகத்தைப் பார்க்காமல் நீ இரண்டு வருஷம் இருந்துவிட்டாய், இன்னும் இருந்துவிடுவாய். எனக்கும் பழகிவிட்டது.

இதற்கு நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

மணவாளன்


சென்னீர்குப்பம்
10.12.1996

தம்பி மணவாளனுக்கு அக்கா எழுதுவது.

பதில் போடாமல் இருப்பது என் வழக்கம் இல்லை.

மாடு கட்டுகிறவன் உருவு முடிச்சுத்தான் போடுவான். நெருப்போ வெள்ளமோ என்றால் நுனியை ஒரு இழு இழுத்தால் போதும், மாடு போய்விடும். நீ கட்டினாலும் அப்படித்தான், நம் அப்பா கட்டினாலும் அப்படித்தான். அன்றைக்குச் செவலை கழுத்தில் இருந்தது இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. நுனி புரிக்குள் சொருகி இருந்தது. வாட்ச்மேன் வேலையில் தும்பியைக் கட்டிக் கட்டி நீ கற்றுக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். அது ஃபேக்டரியில் இரும்புச் சட்டத்தைக் கப்பியில் தூக்குவதற்குப் போடுகிற முடிச்சு என்று எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை அவன் காலால் அழுத்தியபோது தெரிந்தது. பேர்களை எடுத்து எடுத்துப் பார்த்தேனே, ஒரு பேரை எடுக்கவே இல்லை. முதல் கடுதாசியில் நானே எழுதின பேர். நீ அதைப் பார்த்தாய், சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவனும் பின்னாலேயே வந்தான். உட்கார வைத்துக் கேட்டேன்.

“செவலைய நீயா கட்டின?”

“கயித்த அறுத்துகினு திரும்பத் திரும்ப மில்லு கதவாண்ட வந்துச்சும்மா. பழக்கப்பட்ட எடமாச்சே. உள்ள பூந்துச்சுன்னா ப்ளேன் துணி போயிடும். சார் போன்ல சொன்னாரு, இது நல்லபடியா நின்னா உன்ன பெர்மனன்ட் பண்றேன்னு. அதான் ஓட்டிகினு போய் அந்தக் கயித்துல கட்னேன்.”

“மாமனுக்குத் தெரியுமா?”

“காலைல கயித்தப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாத மாமான்னேன். சரிடான்னாரு.”

“நான் அவன ஊட்டு படி ஏறாதன்னப்போ நீ எங்க நின்ன?”

அவன் சொல்ல வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும். நடையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் நுரை. நீ தலையைக் குனிந்தாய். நான் கத்தினேன். அவன் வாசலுக்கு வந்து துப்பினான், வாய் கொப்பளித்தான், துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். நல்ல பச்சைக் கட்டம் போட்ட துண்டு. அடுத்த மாதம் பெர்மனன்ட் ஆனான். ஸ்வீட் வாங்கி வந்தான், நானும் தின்றேன்.

நீ எழுதியதைப் படித்தேன். தினமும் பார்க்க வேண்டிய முகம் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். பார்க்கிறேன். சோறு போடுகிறேன். துணி துவைத்தால் மடித்து வைக்கிறேன். சுசீலாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆனால் உன்னுடைய தலையில் போட்டுக்கொள்வதற்கு இது உன் மாடு இல்லை. அப்போது சீராகக் கொடுத்துவிட்டாய், அது என் மாடு. அதற்கு யார் பொறுப்பு என்று நான்தான் முடிவு பண்ண வேண்டும். நீ எழுதிக் கொடுத்ததைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இனிமேல் சொல்வதைக் கேள். தும்பி போனால் மில் காலியாகத்தான் இருக்கும். மயிலை கன்று போடப் போகிறது. எனக்கு முட்டி மடங்கவில்லை, பால் கறக்க உட்கார முடியவில்லை. மில்லின் பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் கணக்கு எழுத உட்கார்ந்த இடம் இருக்கிறது. ஜன்னல் உண்டு. டிவி கிடையாது. நாகம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் என் தம்பி உட்கார்ந்திருந்தான் என்று யாராவது வந்து எனக்குச் சொன்னால் அதைச் சுமந்துகொண்டு இன்னும் இருபது வருஷம் நான் திரிய வேண்டியிருக்கும். என்னால் முடியாது, ஏற்கனவே நிறைய இருக்கிறது. படி எல்லாம் ஏறலாம், எந்தப் படியும்.

சுலைமான் பாய் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, மாடு நக்கும் என்று அவர் சொன்னது உண்மைதான். கதவை விட்டு நகராத தசரதன் மேல் ஒன்றும் இல்லை. முதலாளிக்கு அவருடைய சாமானைக் காப்பாற்றச் சொல்ல உரிமை உண்டு, மாடு செத்தது அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது, அவரையும் விட்டுவிட்டேன். நாகம்மாவின் இஞ்சி விஷயத்தையும் விட்டுவிட்டேன். வீட்டில் இஞ்சி இருந்தது, புறக்கடையில், அவள் பார்க்கவில்லை. உன் மேல் ஒரு கோபம் இருந்தது, வாயைத் திறக்காததற்கு. அதையும் இந்தக் கடுதாசியோடு முடித்துக்கொள்கிறேன்.

அவன் கயிறு கட்டினதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. பயந்த பிள்ளை, வேலை கிடைக்காதோ என்று பயந்தான், மாட்டின் பக்கம் புத்தி போகவில்லை. அதை மறந்துவிடலாம். அந்த நுரையைத்தான் மறக்க முடியவில்லை.

இந்தத் தடவை பாய் வரமாட்டார். பஸ்ஸில் ஆள் வருகிறது. கடுதாசியை ஒட்டவில்லை. வழியில் படிக்கட்டும், சேக்காட்டில் இறங்குவதற்குள் முடித்துவிடலாம். கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிடு. சாப்பிட வை. அவன் தலையைக் குனிந்தால் குனியட்டும், நிமிர்த்தாதே. மாமன் மருமகனுக்குள் என்ன இருந்தாலும் அது உங்களோடு. நீ மன்னித்துவிட்டாய் என்று தெரியும், எப்போதோ மன்னித்திருப்பாய். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. மற்ற எல்லோரையும் விட்டுவிட்டேன். ஒருத்தன் மட்டும்தான் மிச்சம். இதை உன் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறானே, அவன்தான். நான் பெற்ற கன்னியப்பன்.